சீவலப்பேரியோடு நின்ற ஆறு

உங்கள் கையில் இருக்கும் போனைக் கொஞ்சம் மேசைமேல் வைத்துவிட்டு இதைப் படியுங்கள். எல்லாம் நல்ல போன்கள். போன வாரம் ஒரு கல்யாணத்துக்காக ஓசூரிலிருந்து திருநெல்வேலிக்கு வந்தவள், நான் வேலை பார்த்த பழைய ஆபீசையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று படியேறியபோது கவனித்தேன். ஆளுக்கொன்று, முகம் பார்த்துத் தலை சீவலாம் போலப் பளபளப்பாக வைத்திருக்கிறீர்கள். "நம்ம பழைய ஆத்து வெப் பக்கத்தப் புதுசா செஞ்சிருக்கோம் மேடம்" என்று அதில் காட்டினீர்கள். விரல் பட்டதும் வழுக்கிக்கொண்டு போனது. மழை பெய்தது, கொக்கு பறந்தது, கரையோரப் பனைகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகி வழிவிட்டன. எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். நன்றாக இருக்கிறது என்றேன். பொய் சொல்லவில்லை.

திரும்பிப் போகும் பஸ் கிளம்பியதும் எனக்கு வழக்கமாக வரும் அந்த ஏக்கம் வந்தது. ஊரை விட்டுப் போகும்போது வருமே, அது. சோதனைக்காக நீங்கள் அனுப்பிய அதே பக்கத்தை என் போனில் திறந்தேன். பாபநாசத்தில் ஆறு கிளம்பியது. அம்பாசமுத்திரத்துக்கு முன்பே விக்கி விக்கி நகர ஆரம்பித்தது. அப்புறம் திரை வெளுத்து, மறுபடியும் பாபநாசத்திலேயே கொண்டுபோய் என்னை விட்டது. கயத்தாறு தாண்டும்வரை திரும்பத் திரும்பப் பார்த்தேன். நான் போக நினைத்த இடம் வரவே இல்லை.

கொஞ்சம் குறை சொல்லத்தான் இதை எழுதுகிறேன், மறைப்பானேன். ஆனால் அதைவிட முக்கியமாக, இந்தப் பக்கத்தை முதன்முதலில் செய்தபோது நடந்தது ஒன்றை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். விரலால் பக்கத்தைத் தள்ளும் ஸ்க்ரோல் என்பதை நான் அதுவரை ஒரு வேலையாகத்தான் நினைத்திருந்தேன். அந்த வாரத்துக்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

நான் இந்தத் தொழிலுக்கு நேர் வழியில் வந்தவள் இல்லை. ஜங்ஷன் பக்கம் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை டைப் செய்துகொண்டிருந்தவள். வெப்சைட் செய்கிற ஆள் வேண்டும் என்றார்கள், வந்தேன். அப்போது வண்ணார்பேட்டை மாடியில் ஆபீஸ். ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரியும் என்று சொல்லித்தான் அந்த இடத்தை வாடகைக்குப் பிடித்தார் நம் முதலாளி. திறந்தால் பைபாஸ் ரோடு தெரிந்தது. அவர் தலையில் அப்போது முடி இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு எதிர் மேசையில் மேலப்பாளையத்துக்காரி ஒருத்தி இருந்தாள். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் கடல் தாண்டி இருக்கும் இடத்திலிருந்தே போன் போட்டுச் சண்டைக்கு வருவாள். தோழி என்று மட்டும் சொல்கிறேன். வயதில் என்னைவிட மிகவும் சின்னவள். ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வரி எழுதத் தெரியாமல் வந்த எனக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். "அக்கா, இத நேத்தே சொன்னேன்லா" என்பதுதான் அவள் பாடம் நடத்தும் முறை. அவள் மாப்பிள்ளை ஜித்தாவில் வேலையில் இருந்தார்.

இந்த ஆற்றுப் பக்கத்தை வளைகுடாவில் வேலை செய்யும் நம் பக்கத்து ஆட்களின் சங்கம் ஒன்று கேட்டு வாங்கியது. ஊருக்கு வர முடியாதவர்கள் போனிலாவது தாமிரபரணியைப் பார்க்க வேண்டும். பாபநாசத்தில் தொடங்கி, விரலால் தள்ளத் தள்ள ஆறு கீழே இறங்கி ஓடி, ஒவ்வொரு ஊர்ப் படித்துறையாகத் தாண்டி, புன்னைக்காயலில் கடலில் சேர வேண்டும். பட்டன் கிடையாது, பட்டியல் கிடையாது. விரல்தான் படகு.

அதில் நான் ஓர் அலை செய்திருந்தேன். தண்ணீர் முழுவதும் நெளிந்துகொண்டே இருக்கும். ஜாவாஸ்கிரிப்டில் ஒவ்வொரு கணமும் திரை முழுவதையும் அழித்து அழித்து வரைந்த அலை. சங்கத் தலைவர் அதைப் பார்த்துவிட்டு, தண்ணி நெசமாவே ஓடுதே என்று இரண்டு தடவை சொன்னாராம். முதலாளி அதை வந்து என்னிடம் சொன்ன அன்று வீட்டுக்குப் போய்ப் பாயசம் வைத்தேன். அவ்வளவு பெருமை.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின வாரக் கடைசியில் உறுப்பினர்களுக்குப் பக்கத்தின் முகவரியையும், குறை இருந்தால் சொல்ல என் நம்பரையும் அனுப்பிவைத்தோம். திங்கட்கிழமை காலை என் போனில் ஒரு குரல் செய்தி இருந்தது.

"தங்கச்சி, நான் தம்மாம்லேருந்து பேசுதேன். ஊரு ஆழ்வார்திருநகரி. நீங்க விட்ட ஆறு சீவலப்பேரி வரைக்கும் நல்லா வருது. அதுக்குக் கீழ வர மாட்டேங்குது. என்னன்னு கொஞ்சம் பாருங்க, என்ன?"

தோழி கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "கடைமடைக்காரன் எந்தத் தேசத்துக்குப் போனாலும் இதத்தான் சொல்லுதான் பாருங்கக்கா." வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவர்கள் தண்ணீர் வரவில்லை என்று மனு கொடுப்பது நம் பக்கத்தில் வருஷா வருஷம் நடப்பதுதானே. நானும் சிரித்தேன். பிறகு என் போனில் திறந்து பார்த்தேன். ஆறு ஒழுங்காகக் கடல் வரை போனது.

அப்போதுதான் தோழிக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஆபீசில் ஒவ்வொருவரிடமாகப் போய், நீங்கள் சோதித்துப் பார்த்தபோது எதுவரை போனீர்கள் என்று கேட்டாள். முதலாளி அம்பாசமுத்திரத்துக்காரர், அம்பாசமுத்திரம் வரை போய், அவர் நீச்சல் பழகிய கல் மண்டபத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று மூடிவிட்டார். சங்கத் தலைவருக்குச் சேரன்மகாதேவி. அவர் அங்கே இறங்கிக்கொண்டார். எனக்கு ஆழ்வார்குறிச்சி, எங்கள் கடனா நதி வந்து தாமிரபரணியில் சேரும் திருப்புடைமருதூர் வரை நான் தினமும் போய்க்கொண்டிருந்தேன். தோழி மேலப்பாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குறுக்குத்துறை. டிசைன் செய்த பையன்கள் வண்ணார்பேட்டை. கம்ப்யூட்டரில் கடல் வரை ஓட்டிப் பார்த்திருக்கிறோம். முகவரியை அனுப்பும்வரை போனில், கையில் வைத்துக்கொண்டு, ஒருத்தர்கூடத் தன் ஊர்ப் படித்துறையைத் தாண்டிப் போகவில்லை. திருநெல்வேலிக்குக் கிழக்கே பிறந்த ஆள் எங்கள் ஆபீசில் இல்லை என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதில் யாரையும் திட்ட முடியாது. அவரவர் ஊர் வந்ததும் மனசு நிறைந்துபோய்விட்டது. சோதனை செய்கிறவருக்கு மனசு நிறைந்தால் சோதனை அங்கேயே முடிந்துவிடும் என்பதை நீங்கள் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

தம்மாம் அண்ணாச்சியை அழைத்தேன். ஒரு கம்பெனி முகாமில் சமையல் வேலை. பின்னால் கரண்டியும் சட்டியும் மோதுகிற சத்தம் கேட்டது. போன் என்ன மாதிரி என்று கேட்டேன். பழசுதான், ஓரம் உடைந்திருக்கிறது, ஆனால் நன்றாகப் பேசும் என்றார். நான் சமாளிக்கப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, ஒங்க ஊர்ப் படித்துறை படத்த மட்டும் தனியா அனுப்பிவிடட்டுமா? நல்லா பெருசா இருக்கும்."

"படம் எங்கிட்ட நெறைய கெடக்கு தங்கச்சி." சட்டியை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. "எங்க அம்மா போயி வருசம் ஆகப்போவுது. வியாழக்கிழம தலைத்திதி. தம்பி அந்தப் படித்துறைல வச்சுதான் குடுக்கான். அவ போனப்பவும் எனக்குப் போக முடியல. விசா மாத்துத நேரம், வெளிய போனா திரும்ப உள்ள வர முடியாதுன்னுட்டான். இப்பவும் லீவு இல்ல."

"வீடியோ கால்ல பாக்கலாம்லா அண்ணாச்சி?"

"அவன் அழுவான், நான் அழுவேன். அய்யரு கோவப்படுவாரு. காரியம் நடக்காது." சிரித்தார். பிறகு, "நான் போகணும்னு ஆசப்படுதேன் தங்கச்சி. படத்துல படித்துறை இருக்கு, அதுக்குப் போற வழி இல்லலா? லீவுக்கு வந்தா ஜங்ஷன்ல பஸ்ஸப் புடிச்சு ஜன்னல் ஓரமா உக்காருவேன். சீவைகுண்டம் பாலம் வந்ததும் துண்ட எடுத்து மூஞ்சியத் தொடச்சிக்கிடுவேன். அம்மா பாத்தா கறுத்துப் போயிட்டியேன்னு சொல்லுவா. அப்படியே பைய பைய ஊரு வரும். அந்த மாதிரி போகணும். ஒங்க பக்கத்துல அது இருக்கு. சீவலப்பேரியோட நின்னுபோவுது, அதான்."

போனை வைத்தேன். என் அலையின் மேல் எனக்கு இருந்த பெருமை எங்கேயோ போய்விட்டது.

முதலாளியிடம் சொன்னோம். அவர் நல்ல மனிதர், ஆனால் வெள்ளிக்கிழமையை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தார். "கூட்டம் முடியட்டும். இப்போ கை வச்சி ஏதாவது கோளாறாச்சின்னா யாரு பதில் சொல்லுதது? மேல ஊர்ப் பேரெல்லாம் வரிசையா போட்டு, தொட்டா நேரா அங்கன போய்க் குதிக்கிற மாதிரி வச்சிருங்க. அரை மணி நேர வேலை."

சரியான யோசனைதான். இன்றைக்கும் பல இடங்களில் அதுதான் சரி. அண்ணாச்சியிடம் கேட்டேன். "பஸ்ல தூங்கிப்போயி, கண்டக்டர் தட்டி எழுப்பி ஊரு வந்துட்டுன்னு எறக்கிவிட்ட மாதிரி இருக்கும். வேணாம்னு சொல்லல தங்கச்சி. ஒங்களுக்குக் கஷ்டமா இருந்தா அதுவே போதும்" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் நான் அந்த அரை மணி நேர வேலையைச் செய்து முடித்திருப்பேன். அந்தப் 'போதும்'தான் என்னை விடவில்லை.

தோழிதான் முதலாளியிடம் போய் நின்றாள். "சார், வெள்ளிக்கிழம கூட்டத்துக்கு வாறது யாரு? டிரைவரு, சமையக்காரு, ஏசி மெக்கானிக்கு. தலைவர் கைல இருக்குத போன் அவங்க கைல கெடையாது. மேடைல தலைவர் அலைய ஓட்டிக் காட்டும்போது கீழ உக்காந்திருக்கவங்க போன் எல்லாம் ஒண்ணா நின்னா நல்லாவா இருக்கும்?"

முதலாளி மேசையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "என்னமும் செய்ங்க. புதன்கிழமைக்குள்ள முடிங்க" என்றார்.

மறுநாள் அவள் வீட்டிலிருந்து ஒரு போன் கொண்டுவந்தாள். அவள் மாப்பிள்ளை முதல் லீவில் வரும்போது வாங்கி வந்தது. கண்ணாடியில் கீறல், பின்மூடிக்கு ரப்பர் பேண்டு. திறந்தால் இடமே இல்லை. நெஞ்சு வரைக்கும் நிறைந்துகிடந்தது. முதலாளி பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் அழித்துச் சுத்தமாக்கிவிட்டுச் சோதனை செய்யுங்கள் என்றார்.

"அழிக்க மாட்டேன் சார்" என்றாள். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "அவுக மொதல் லீவு முடிஞ்சி போனதுலேருந்து பேசி அனுப்புனது எல்லாம் இதுலதான் கெடக்கு. புள்ள பொறந்த அன்னைக்கி அது காதுல கேக்கட்டும்னு அங்கிருந்து பாங்கு சொல்லி அனுப்புனாக, அது இருக்கு. அந்த அண்ணாச்சி போன்லயும் இப்படித்தான் ஏதாவது நெறஞ்சி கெடக்கும். தூரதேசத்துல இருக்கவன் போன் காலியாவா இருக்கும்?"

இதை நான் அப்புறம் எந்த வேலையிலும் மறக்கவில்லை. ஆபீசில் சோதனைக்கென்று வைத்திருக்கும் போனில் நம் பக்கத்தைத் தவிர வேறொன்றும் இருக்காது. மனிதர்களின் போன் அப்படி இல்லை. அதில் அவர்கள் விட மனசில்லாதது எல்லாம் இருக்கும். மிச்சம் இருக்கும் இண்டு இடுக்கில்தான் நம் பக்கம் ஓட வேண்டும். அந்த போனில் எங்கள் ஆற்றைத் திறந்தோம். சேரன்மகாதேவியில் திணற ஆரம்பித்து, குறுக்குத்துறையில் விரலுக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லாமல் போய், சீவலப்பேரியில் வெளுத்து, மறுபடி பாபநாசம். அண்ணாச்சி சொன்னது அட்சரம் பிசகவில்லை.

என்னென்ன செய்தோம் என்பதை வரிவரியாக எழுதப் போவதில்லை. உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மோசமாக இருந்தவை மூன்று. விரல் பட்டதும் பிரவுசர் நாங்கள் எழுதிய நிரலிடம், பக்கத்தை நகர்த்தலாமா என்று கேட்டுக்கொண்டு நின்றது. எங்கள் நிரலோ கொக்கை எங்கே பறக்கவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. கேட்காமலே நகர்த்திக்கொள் என்று முதலிலேயே சொல்லிவிட ஒரே ஒரு வார்த்தை போதும். அதை நாங்கள் எழுதவில்லை. அடுத்தது, பக்கம் நகர்ந்த ஒவ்வொரு துளிக்கும் பனைமரங்களை அளப்பது, நகர்த்துவது, திரும்ப அளப்பது என்று வீணாக ஓடிக்கொண்டிருந்தோம். பிரவுசர் அடுத்த தடவை வரையப் போகும்போது ஒரே மூச்சில் செய்தால் போதுமாயிருந்தது.

மூன்றாவதுதான் ஆற்றை நிறுத்தியது. தாண்டிப் போன படித்துறைகளை நாங்கள் விடவே இல்லை. பாபநாசத்துப் படத்தை, அம்பாசமுத்திரத்துப் படத்தை எல்லாம் போன் சுமந்துகொண்டே வந்தது. சீவலப்பேரிக்கு வரும்போது அதற்கு மேல் தூக்க அதற்குத் தெம்பு இல்லை. "மேல மடைய அடைக்காம கீழ எப்படிக்கா தண்ணி போகும்?" என்றாள் தோழி. கண்ணுக்கு முன்னால் இருக்கும் ஊர், அதற்கு முந்தின ஊர், அடுத்த ஊர், இவ்வளவுக்கு மட்டும் படம் இருக்கட்டும். மற்றவற்றில் அதே உயரத்துக்கு வெற்றிடம் போதும் என்று மாற்றினோம்.

எல்லாம் செய்தபின் ஆறு ஸ்ரீவைகுண்டம் வரை வந்தது. அதற்குக் கீழே போகவிடாமல் என் அலைதான் மறித்துக்கொண்டு நின்றது.

அதை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கை வரவில்லை. தலைவர் என்ன சொல்வார் என்ற பயம் பாதி, பாயசம் பாதி. புதன்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு தோழி வந்து பக்கத்தில் நின்றாள். நானே அலையை அடியோடு எடுத்தேன். இது இல்லாமல் தண்ணீர் செத்துப்போய்த் தெரிகிறதே என்று மட்டும் சொன்னேன்.

அவள் யோசித்தாள். "ஓடும்போது வேண்டாம்க்கா. நின்னா வரட்டும்" என்றாள்.

"என்ன வரட்டும்?"

"பக்கம் நகராம நிக்கும்போது தண்ணியத் தொட்டா, தொட்ட எடத்துல ஒரே ஒரு வட்டம். விரிஞ்சி மறஞ்சிரும். அவ்வளவுதான்."

எனக்கு எரிச்சல் வந்தது. கழுத்துக்குமேல் வேலை கிடக்கிறது, இப்போதுதான் ஒன்றை எடுத்திருக்கிறோம், உடனே இன்னொன்றா? "யாரு கேட்டா இத? அண்ணாச்சிக்கு ஊரு வந்தாப் போதும்" என்றேன்.

"கரைல போய் நின்னா காலையாவது நனைக்க மாட்டோமா?" என்றாள். "பெருசா ஒண்ணும் இல்லக்கா. ஒரு வட்டத்தப் பெருசாக்கி மங்க வைக்கிதது. அத போனே தனியாப் பாத்துக்கிடும், நம்ம நிரலுக்கு வேல இல்ல. ஸ்க்ரோல் ஓடும்போது அது எட்டிக்கூடப் பாக்காது. எம்மேல நம்பிக்க இல்லையா?"

நம்பிக்கை இருந்தது. ஆனால் தேவையில்லாத வேலை என்ற எண்ணமும் இருந்தது. எடு எடு என்று எடுத்துக்கொண்டே போகும்போது நமக்கு ஒரு வெறி வந்துவிடும். எதையெல்லாம் எடுக்கலாம் என்பது மட்டும்தான் கண்ணில் படும். எதற்காக எடுக்கிறோம் என்பதை அவள் நினைவில் வைத்திருந்தாள். நான் சரி என்றது அவளோடு வாதாடச் சக்தி இல்லாததால்தான்.

சாயங்காலம் அந்த ரப்பர் பேண்டு போனை அவளே பிடித்துக்கொண்டாள். பாபநாசத்தில் கிளம்பினாள். நாங்கள் எல்லாரும் சுற்றி நின்றோம், முதலாளி உட்பட. அம்பாசமுத்திரம், திருப்புடைமருதூர், சேரன்மகாதேவி. குறுக்குத்துறை வந்தபோது அவள் நிற்காமல் போனாள், அதை நான் கவனித்தேன். சீவலப்பேரி வந்தது. தாண்டியது. மருதூர் அணை, ஸ்ரீவைகுண்டம். பிறகு எங்களில் ஒருத்தர்கூடப் போனில் அதுவரை நின்று பார்த்திராத ஆழ்வார்திருநகரிப் படித்துறை, சாயங்கால வெயிலோடு வந்து நின்றது. "அழகா இருக்கே வே" என்றார் முதலாளி, யாரிடம் சொல்கிறோம் என்றே தெரியாமல்.

அண்ணாச்சிக்கு ஒரு வரி அனுப்பினேன்: ஆறு இப்போது கீழே வருகிறது, பாருங்கள். பதில் இல்லை.

வியாழக்கிழமை காலையில் எனக்கு வேலை ஓடவில்லை. திதி எத்தனை மணிக்கு என்று கேட்டுவைக்காமல் விட்டது வேறு உறுத்தியது. தோழி சும்மா சும்மா என் போனை எட்டிப் பார்த்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறக்கும்போது குரல் செய்தி வந்தது. பின்னால் சட்டி சத்தம் இல்லை. இரண்டு பேரும் ஒரே போனில் காது வைத்துக் கேட்டோம்.

"தங்கச்சி, போயிட்டு வந்துட்டேன். காலச் சாப்பாடு முடிஞ்சி, சட்டியெல்லாம் கழுவிட்டு, ஸ்டோர் ரூமுல அரிசி மூட மேல உக்காந்து கெளம்புனேன். பைய போனேன். அவசரமே படல. சீவைகுண்டம் வந்ததும் துண்டால மூஞ்சியத் தொடச்சிக்கிட்டேன். ஊரு வந்துட்டு. தம்பி எள்ளும் தண்ணியும் எறைக்கிற நேரம் அது, சொல்லி வச்சிருந்தான். அப்படியே படித்துறையப் பாத்துக்கிட்டு இருந்தேன். செத்த நேரத்துல போன் வெளிச்சம் மங்க ஆரம்பிச்சிட்டு. அணஞ்சிரக் கூடாதேன்னு தொட்டேன். தண்ணில வட்டம் வந்துது. பொறவு தொட்டுக்கிட்டே இருந்தேன். அவன் முடிக்கிற வரைக்கும். அம்மாவுக்குத் தண்ணில கை வச்சிட்டேன் தங்கச்சி."

தோழி எழுந்து போய் ஜன்னலைத் திறந்து நின்றாள். பைபாஸ் ரோட்டில் பார்க்க ஒன்றும் இல்லை. டப்பாவில் சோறு அப்படியே இருந்தது. இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் நன்றாக நடந்தது. தலைவர் அலை எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டாராம். பிறகு வட்டம் வருவதைப் பார்த்துவிட்டு அதையே எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தாராம். அதற்கு அடுத்த வருஷம் தோழிக்கு விசா வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜித்தாவுக்குப் போய்விட்டாள். எதிர் மேசையில் வேறு யாரோ வந்து உட்கார்ந்தார்கள். நான் ஓய்வு பெறும்வரை, ஏதாவது தப்பாகச் செய்துவிட்டால் தலையை நிமிர்த்தி அந்தப் பக்கம் பார்ப்பேன், இத நேத்தே சொன்னேன்லா என்று கேட்காதா என்று. எத்தனையோ பேரோடு வேலை செய்தேன். அவளைப் போல ஒருத்தி கிடைக்கவில்லை.

இப்போது உங்களிடம் வருகிறேன். நீங்கள் காட்டிய புதுப் பக்கத்தில், நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, திருப்புடைமருதூரில் நிறுத்தித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தேன். வட்டம் வரவில்லை. மழைதான் பெய்தது. அந்த வட்டம் பழைய நிரலில் எங்கோ ஒரு மூலையில் கிடந்திருக்கும், எதற்கென்று தெரியாமல் கூட்டித் தள்ளியிருப்பீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. எதற்கென்று நாங்கள் யாரும் எழுதி வைக்கவில்லை.

வெளியே விடுவதற்கு முன் உங்கள் வீட்டில் யாரிடமாவது ஒரு பழைய போனைக் கேட்டு வாங்குங்கள். அதில் இருப்பதை அழிக்காதீர்கள். உங்கள் ஊர் வந்ததும் நின்றுவிடாமல் கடல் வரை போய்ப் பாருங்கள்.

எனக்காகவும் ஒன்று கேட்கிறேன். கல்யாணம் ஆன வருஷம் தைப்பூசத்துக்கு, ஆழ்வார்குறிச்சியிலிருந்து நானும் அவரும் திருப்புடைமருதூருக்கு முழுக்குப் போட வந்தோம். கூட்டத்தில் தொலைந்துவிடுவேன் என்று என் முந்தானையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு படியிறங்கினார். இப்போது அவர் இல்லை. மகள் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆறு மட்டும் இல்லை. ஆசை வரும்போது பழைய பக்கத்தில் பாபநாசத்தில் கிளம்பி மெதுவாக அங்கே போவேன், கொஞ்ச நேரம் இருப்பேன், திரும்புவேன். புதுப் பக்கம் என்னை அம்பாசமுத்திரம் தாண்ட விடமாட்டேன் என்கிறது. என் போனும் பழசுதான். அதில் அவர் பேசியதெல்லாம் இருக்கிறது, நான் அழிக்க மாட்டேன். மழையையும் கொக்கையும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள் பிள்ளைகளே. பைய வந்தாலும் போதும், அந்தப் படி வந்து சேரட்டும். வந்தபின் எனக்கு ஒரு வட்டம் போதும்.